வராத கட்டம்

சித்தோட்டுக் கோகிலவாணி அக்கா மறுபடியும் டிக்கை எடுத்தாளாம், மறுபடியும் அது வந்து உட்கார்ந்திருக்கிறதாம், என்ன கருமம் இது என்று ஜமுனா போனைப் பொத்திக்கொண்டு என்னைக் கேட்கிறாள், எனக்கு எங்கே தெரியும், தயிர்சாதம் தின்ற மயக்கம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை, கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் தரை வழியாக ஏறிக் காலில் நடுங்குகிறது, ஈரோட்டில் கல்யாணத் தகவல் மையம் வைக்க எங்கள் முதலாளிக்கு டயர் கடை மாடிதான் கிடைத்ததா. பாஸ்வேர்டை மாத்தித் தரணுமாம், அண்ணன்காரனுக்குத் தெரியாத பாஸ்வேர்டாம், அவ்வளவுதான் கேட்குது பாவம், மாத்திக் குடுத்துட்டு வேலையைப் பாரு பிருந்தா என்கிறாள் ஜமுனா. மாற்றிக் கொடுக்கலாம்தான், ஒரு நிமிஷ வேலை. ஆனால் எனக்கு ஒரு வியாதி, ஏன் என்று தெரியாமல் ஒன்றை மூட முடியாது, மூடினால் ராத்திரிச் சோறு இறங்காது. அண்ணன் ஏன் அந்த டிக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும்? அதை ஜமுனாவிடமே கேட்டேன், அவள் கையை நீட்டி நீட்டிச் சொன்ன கதை இதுதான். அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போய்த் திரும்பி வராதவர். அக்காவும் இரண்டாம் வகுப்பு படிக்கிற தன்ஷிகாவும் அண்ணன் பூபதி வீட்டில் இருக்கிறார்கள். மறுமணத்துக்கு அக்காவும் சரி என்றுதான் சொன்னாள், அண்ணன்தான் நம் வெப்சைட்டில் பதிவு செய்தார், அது வரைக்கும் எல்லாம் நல்லபடி. நாளைக்குக் காங்கேயத்திலிருந்து பார்க்க வருகிறார்கள், வருகிறவர்கள் போனில், குழந்தையை அண்ணனே வச்சுக்கறாராமே, ரொம்ப சந்தோசம் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா பதறிப் போய் வெப்சைட்டைத் திறந்தால் ‘குழந்தை உடன் வராது’ என்கிற கட்டத்தில் டிக். எடுத்தாள், வந்தது, எடுத்தாள், வந்தது. அவளைத் தவிர பாஸ்வேர்டு தெரிந்தவர் அண்ணன் ஒருத்தர்தான். அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள், இன்றைக்குச் சாயங்காலம் அவர் தறிக்கூடத்திலிருந்து வருவதற்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறப் போகிறாளாம், பனியன் கம்பெனியில் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாளாம், துணியெல்லாம் பையில் போட்டாயிற்றாம். போவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தை மட்டும் சரி பண்ணிவிட்டுப் போக வேண்டுமாம். மனசுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. பஸ் ஏறுகிற அவசரத்திலும் ஒரு கட்டத்தைச் சரி பண்ண நினைக்கிறாளே.

பத்து நிமிஷத்தில் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டுத் திறந்து பார்க்கிறேன். எங்கள் பதிவுப் பாரத்தைப் பார்த்தால் எவனும் கல்யாண ஆசையை விட்டுவிடுவான், அத்தனை கட்டம். பெயர், உயரம், நிறம், நட்சத்திரம், பாதம், லக்னம், செவ்வாய் உண்டா, ராகு கேது உண்டா, குலத்தில் எந்தக் கூட்டம், குலதெய்வம் எது, சொந்த வீடா, பூமி எத்தனை ஏக்கர், கிணறா போர்வெல்லா, போரில் தண்ணீர் உண்டா, கண்ணாடி போடுவாரா, முட்டை மட்டும் சாப்பிடுவாரா. சேமி என்கிற பட்டனை அமுக்கினால் இத்தனையும் மூட்டை கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் சர்வருக்கு வந்து இறங்கும், அதை இந்தப் பக்கம் பிரித்து வாங்குவதுதான் நான் பார்த்துக்கொள்கிற புரோகிராம் கோடின் வேலை. எனக்கு முன்னால் இங்கே டேனியல் என்று ஒருத்தர் இருந்தார், இப்போது கனடாவில் பனி அள்ளுகிறார் என்று கேள்வி. அவருக்கும் முன்னால் எவனோ ஒருத்தன் கட்டத்துக்கு ஒரு வரியாக எழுதித் தொலைத்திருக்கிறான், பெயர் வந்ததா எடு, உயரம் வந்ததா எடு, நிறம் வந்ததா எடு என்று ஸ்கிரீனைத் தள்ளத் தள்ளத் தீராத வரிகள். டேனியல் வந்து அத்தனையையும் ஓரமாகத் தள்ளிவிட்டு நாலே வரியில் ஒரு சுற்று எழுதினார். வந்தது எதுவோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வை. பக்கத்தில் ‘இனி நிம்மதி’ என்று ஒரு குறிப்பு வேறு. சேர்ந்த அன்றைக்கு இதைப் பார்த்துவிட்டு நான் உண்மையிலேயே மயங்கிப் போனேன், பெரிய ஆள்தான் இந்தாளு என்று வாய்விட்டே சொன்னேன். பாரத்தில் புதுக் கட்டம் சேர்த்தால்கூட இங்கே ஒரு எழுத்து மாற்ற வேண்டாம், பந்தியில் வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் இலை போடு என்கிற மாதிரி. இப்போதும் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இந்த அழகில் அண்ணனுக்கு என்ன வேலை?

டேனியல் கட்டங்களுக்கு வைத்திருக்கிற பெயர்கள் எல்லாம் தமிழ், ஆங்கில எழுத்தில். உயரம், நிறம், கிணறு, தண்ணீர்_உண்டா. அக்காவின் கட்டத்துக்குப் பெயர் குழந்தை_வராது. யாராவது ஒரு கட்டத்துக்கு இப்படிப் பெயர் வைப்பார்களா, வரும் என்று வைத்துத் தொலைத்திருக்கலாம் அல்லவா. டிக் போட்டால் வராது, டிக் எடுத்தால் வரும், போடுவது இல்லை என்பதற்கு, எடுப்பது ஆமாம் என்பதற்கு, தலை சுற்றுகிறது. குழந்தை வராது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் பஸ்ஸில் கண்டக்டர் சொல்கிற மாதிரி இருக்கிறது, இந்த வண்டி பெருந்துறை போவாது, இறங்கு இறங்கு. பெருந்துறை. சரிதான், வந்துவிட்டது, எங்கே சுற்றினாலும் கழுதை இங்கேதான் வந்து நிற்கும். அங்கே பெரியம்மா வீட்டு வாசலில் வெள்ளைக் காரில் அம்மா ஏறுகிறாள், புதுச் சேலை, அன்றைக்குத் தாலி கட்டிய உடுமலைக்காரர் முன்சீட்டில், கழுத்தில் இன்னும் மாலை. என் கையில் தேங்காய் பன். நான் அந்த பன்னுக்குள் இருக்கிற சிவப்புப் பழத்துண்டைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன், அதுதான் ஞாபகம் இருக்கிறது, அந்தப் பழத்துண்டு. அழுதா அம்மா போற காரியத்துக்கு ஆகாது சாமி, சமத்தா நிக்கோணும் என்று பெரியம்மா காதுக்குள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. சமத்தாக நின்றேன். எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள், பாரேன் இத்தனூண்டு புள்ள எப்படி நிக்குதுன்னு. அம்மா கார்க் கண்ணாடியை இறக்கி என்னையே பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், கார் கிளம்பிற்று. அம்மா என்னை வேண்டாம் என்றுதான் விட்டுவிட்டுப் போனாள், அப்படித்தான் எனக்குள் பதிந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை, நானே பதிந்துகொண்டேன். அவள் போனில் சாப்பிட்டாயா என்று கேட்பாள், நான் சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் கட்டமே கிடையாது. சரி, விடு. அண்ணனைப் பார்.

சர்வரில் யார் எப்போது உள்ளே வந்தார்கள், மூட்டையில் என்னென்ன அனுப்பினார்கள் என்பது அப்படியே பதிவாகிற ஒரு இடம் இருக்கிறது. பூபதி அண்ணன் உள்ளே வந்தது ஒரே ஒரு தடவை, பதிவு செய்த அன்றைக்கு. அதற்கப்புறம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் அக்காவின் போனிலிருந்துதான், நேற்று, நேற்றைக்கு முன்னால், இன்று காலை, சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு தடவை. பிறகு டிக்கை யார் போட்டார்கள்? முதுகு நிமிர்ந்துவிட்டது எனக்கு, மயக்கமெல்லாம் போயே போயிற்று. அக்கா அனுப்பிய மூட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது, உயரம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, கண்ணாடி போடுவாரா என்பதற்கு ஆமாம் இருக்கிறது. குழந்தை_வராது எங்கே? மேலிருந்து கீழே தேடுகிறேன், கீழிருந்து மேலே தேடுகிறேன், காணோம். இல்லை என்று எழுதி வந்திருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பெயரே வரவில்லை. வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று பார்த்தால் டிக் போட்டவர்களுக்கு வந்திருக்கிறது. டிக் போடாதவர்களுக்கு வரவில்லை, ஒருத்தருக்குக்கூட. அடடா. அட அடடா. படித்திருக்கிறேனே இதை, கல்லூரியில் படித்து ஒரு மார்க்கும் வாங்கியிருக்கிறேனே. டிக் போடாத கட்டத்தை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. அது ‘வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டு வராது, வராமலே இருந்துவிடும். டேனியலின் சுற்று என்ன செய்கிறது, வந்ததை எடுத்து வைக்கிறது. வராததைப் பற்றி அதற்கு என்ன கவலை? பழைய டிக் அங்கேயே பத்திரமாக இருக்கிறது. அக்கா மறுபடியும் பக்கத்தைத் திறக்கிறாள், பழைய டிக் பல்லைக் காட்டுகிறது, அண்ணன் போட்டுவிட்டார் என்று நினைக்கிறாள். சோதனைக்காக டேனியல் வைத்துவிட்டுப் போன ஒரு மாப்பிள்ளை இருக்கிறார், பெயர் அஆஇஈ, உயரம் பதினாறு அடி, பூமி ஒன்பதாயிரம் ஏக்கர். அவரை எழுப்பி டிக்கை எடுத்துச் சேமித்தேன். திரும்பத் திறந்தேன். டிக் இருக்கிறது. உடம்பெல்லாம் ஒரு குளிர். சந்தோஷமும் அதில் கலந்திருக்கிறது, பொய் சொல்லக் கூடாது, திருடனைப் பிடித்த சந்தோஷம். பிறகுதான், இந்த மையத்தில் பதிந்திருக்கிற ஒருத்தருடைய ‘வேண்டாம்’கூட இது வரைக்கும் வந்து சேர்ந்ததில்லை என்பது உறைத்தது. யார் யார் எதை எதை எடுத்தார்கள், எவர் எவரோடு சண்டை போட்டார்கள்? ஏசி காற்று கழுத்தில் படுகிறது. ஜமுனா என்னடி ஆச்சு முகம் இப்படிப் போகுது என்கிறாள்.

இன்னும் ஒன்று பாக்கி. முதல் டிக் யார் போட்டது? அதை மட்டுமாவது அண்ணன்தானே போட்டிருக்க வேண்டும், அவர் பதிந்த அன்றைக்கு அனுப்பிய மூட்டையில் குழந்தை_வராது இருக்கிறதே, கண்ணால் பார்க்கிறேனே. மனசு கொஞ்சம் இறங்கிவிட்டது, அப்போ நீயும் அப்படிப்பட்ட ஆள்தானா பூபதி அண்ணா. புதுப் பதிவுப் பாரத்தைத் திறந்தேன், மறுமணம் என்று தேர்ந்தெடுத்தேன், கீழே இரண்டு கட்டம் புதிதாக முளைத்தது, அதில் ‘குழந்தை உடன் வராது’ மட்டும் டிக்கோடு முளைத்தது. நான் கையே வைக்கவில்லை. தானாகவே டிக்கோடு வருகிறது சனியன். கோடில் அந்த இடத்தில் டேனியலின் குறிப்பு: ‘அர்த்தநாரி அண்ணா சொன்னது.’ முதலாளி அர்த்தநாரி அண்ணாவுக்கு உடனே போன் போட்டேன், கோபியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், நாதஸ்வரத்துக்கு மேல் கத்தினார். அது அப்படித்தான் இருக்கோணும் அம்மணி, குழந்தை வராதுன்னு இருந்தாத்தான் வரன் நகரும், வேண்டாங்கறவங்க எடுத்துக்கட்டுமே என்றார். எடுக்க முடியலைங்ணா, எடுத்தா நம்மகிட்ட வந்து சேரலை என்றேன். அவருக்குப் புரியவில்லை, அல்லது நன்றாகவே புரிந்தது, சர்வர் ரிப்பேருன்னு சொல்லி பாஸ்வேர்டை மாத்திக் குடு, நம்ம தப்புன்னு மட்டும் வாயைத் தொறந்துராதே, பத்து பேர் காசைத் திருப்பிக் கேப்பான் என்று வைத்துவிட்டார். வைத்த பிறகும் நாதஸ்வரம் காதில் இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தால் அக்கா நன்றி சொல்வாள், அண்ணன் இனித் தொட முடியாது என்று நிம்மதியாக பஸ் ஏறுவாள், சாகிற வரைக்கும் அந்த மனுஷனோடு பேச மாட்டாள். அவர் பாவம் தறிச் சத்தத்துக்கு நடுவில் போனில் கட்டம் கட்டமாகத் தள்ளித் தள்ளி நட்சத்திரம் பாதம் என்று நிரப்பியிருப்பார், கடைசியில் இருக்கிற டிக்கை எங்கே பார்த்தார். ஆமாம் என்று எவரும் சொல்லவில்லை, அது எழுதிக்கொண்டது. இல்லை என்று ஒருத்தி தொண்டை வற்றச் சொன்னாள், அது கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் டேனியல் கையில் கிடைத்திருந்தால் கனடாவே வேண்டாம் என்று ஓடியிருப்பார்.

சரி பண்ணுவது பெரிய வேலையாக இல்லை. வந்ததைச் சுற்றாதே, வர வேண்டியதைச் சுற்று. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார்களே, வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்து எழுதினால் வராதவன் எப்படித் தெரிவான், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டு பதில் வரவில்லை என்றால்தான் அவன் வரவில்லை. எல்லாக் கட்டங்களின் பெயரையும் ஒரு வரிசையில் எழுதினேன், ஒவ்வொரு பெயராகக் கூப்பிடு, வந்திருந்தால் எடு, டிக் கட்டம் வராமல் இருந்தால் டிக் இல்லை என்று எழுது. எழுதிக்கொண்டு வரும்போதே ஒரு சந்தேகம், வராவிட்டால் இல்லை என்று நானாக எழுதிக்கொள்வதும் ஒரு துணிச்சல்தானே? பாதிப் பாரத்தில் கரண்ட் போயிருந்தால்? கேள்வியே கண்ணில் படாமல் இருந்தால்? பாரம் முழுதாக அவர்கள் முன்னால் விரிந்தது என்பதற்கு ஒரு அடையாளமும் சேர்ந்து வரட்டும், அது வந்தால் மட்டும் இல்லை என்று எழுது. கேட்டிருந்தால்தான் இல்லை, கேட்காவிட்டால் தெரியாது. இதை எழுதி முடித்ததும் பன்னில் இருந்த பழத்துண்டு மறுபடியும் வந்துவிட்டது, சிவப்பு, பிசுபிசுப்பு, நகத்தில் ஒட்டியது. அப்புறம் அந்த மறுமணப் பாரத்தில் டிக்கோடு முளைக்கிற வரியை அழித்தேன், அர்த்தநாரி அண்ணா வந்து ஆடட்டும். அஆஇஈ மாப்பிள்ளையிடம் சோதித்தேன், எடுத்த டிக் எடுத்தபடியே இருந்தது. ஜமுனா போனை எடுத்து என் கையில் கொடுத்தாள், நீயே பேசு தாயி, எனக்குப் பொய் சொல்ல வராது, உண்மையைச் சொன்னா வேலை இருக்காது என்றாள்.

அக்கா உடனே எடுத்தாள், பின்னால் பாத்திரச் சத்தம், ஒரு பிள்ளை ஏதோ பாட்டை ஒரே அடியில் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு மாத்தியாச்சுங்களா என்றாள். தேவையில்லைங்க்கா, டிக்கை உங்க அண்ணன் போடலை, எங்க கம்ப்யூட்டரு போட்டது, முதல்லயும் அவர் போடலை, அது போட்டுத்தான் வருது, நீங்க எடுத்தது எங்களுக்கு வந்தே சேரலை, எல்லாம் எங்க தப்பு என்று ஒரே மூச்சில் சொன்னேன், நிறுத்தினால் சர்வர் ரிப்பேர் என்று வாய் சொல்லிவிடுமோ என்ற பயம். அவர் பதிஞ்ச அன்னைக்கு வந்ததோட சரி, அப்புறம் உள்ளயே வரலைங்க்கா, நான் பாத்துட்டுத்தான் சொல்றேன் என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள் போல, வளையல் எதிலோ இடித்தது. காங்கேயத்தாருக்கு நானே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றேன், குழந்தையோடு சேர்த்துப் பார்க்க வருவதாக இருந்தால் வரட்டும் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்கெல்லாம் ம் கொட்டினாள். பிறகு வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி பேசினாள்.

“அவரு ஒரு வார்த்தை நான் பண்ணலைன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“நீங்க கேட்டீங்களாக்கா?”

“இல்லீங்” என்றாள். “மூஞ்சியத் திருப்பிட்டேன். சோத்தத் தட்டுல போட்டு முன்னால தள்ளுவேன், பாதியில எந்திரிச்சுப் போயிருவாரு. தப்புப் பண்ணுன மனுசன், அதான் முழுங்க முடியலைன்னு நெனச்சேன்.”

பாட்டு நின்று, அம்மா, மாமனுக்கு எடுத்து வெச்ச முறுக்கை நான் தின்னுட்டேன் என்று ஒரு குரல் கிட்டத்தில் வந்து சொன்னது. அக்கா சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, இரண்டும் ஒரே சத்தத்தில் வந்தது. தறிக்கூடத்துக்கு இப்பவே போறேனுங், பாப்பாவையும் கூட்டீட்டு, சாயங்காலம் வரைக்கும் தாங்காதுங் என்றாள். பை? என்று கேட்டேன், எனக்கு எதையும் விட முடியாதே. அது கெடக்குதுங், துணியத் திருப்பி மடிச்சு வெச்சுக்கலாம் என்றாள். வைக்கப் போனவள் மறுபடியும் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்கட்டுமா என்றாள். டிக்கை எடுத்துச் சேமித்துப் பாருங்கள் என்றேன். போனை வைத்துவிட்டு ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளுடைய மூட்டை வந்து இறங்கியது, பெயர், உயரம், கூட்டம், கண்ணாடி. குழந்தை_வராது வரவில்லை. இந்தத் தடவை கோடு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, பதில் இல்லை, டிக் இல்லை என்று எழுதிக்கொண்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு மூட்டை வந்தது, அதே விவரம், ஒன்றும் மாறவில்லை. நிஜமாகவே போயிற்றா என்று பார்க்கிறாள்.

நீங்க கேட்டீங்களாக்கா. எவ்வளவு சுளுவாகக் கேட்டுவிட்டேன், பெரிய நீதிபதி. ஜமுனா டீ சொல்லப் போயிருக்கிறாள், டயர் கடையில் காற்று நின்றிருக்கிறது. உடுமலை நம்பரை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். இந்நேரத்துக்கு நான் கூப்பிட்டதே இல்லை, அம்மா பயந்துவிட்டாள், என்ன கண்ணு, உடம்புக்கு என்ன, சாப்பிட்டியா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். இன்றைக்கு முடிக்கவில்லை, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், அன்னைக்கு என்னையும் கூட்டிட்டுப் போறதான்னு யாராச்சும் உன்னைக் கேட்டாங்களாம்மா என்று கேட்டேன். எந்த அன்னைக்கு என்று அவள் கேட்கவில்லை.

“யாரும் கேக்கல சாமி. நீ ஒரு சத்தம் அழுதீன்னா காரை விட்டு எறங்கி உன்னத் தூக்கிக்கோணும்னு கதவுலயே கைய வெச்சுட்டு உக்காந்திருந்தேன். நீ அழவே இல்ல. பெரியம்மா கிட்டயே இருக்கோணும்னு உனக்கு ஆசையாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்.”

அழக் கூடாதுன்னு பெரியம்மா சொல்லியிருந்தாங்கம்மா என்றேன். அம்மாவும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. ஜமுனா டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.